மெடிகேப் ஜி-யா, என்-னா, அட்வான்டேஜா? 65 நெருங்குகிறது, வழி சொல்லுங்கள்

எடிசன்காரன்

வணக்கம். அடுத்த ஜூனில் 65 ஆகிறது. அதோடு வேலையையும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இதுவரை கம்பெனி காப்பீட்டிலேயே காலம் ஓடிவிட்டதால் மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் பார்ட் ஏ, பார்ட் பி, பிளான் ஜி, பிளான் என் என்று ஒரே எழுத்துமயம். தபால்பெட்டியைத் திறந்தால் விளம்பரம், போனை எடுத்தால் ஏஜென்ட். ஒருவர், "மாதம் ஒரு டாலர்கூட வேண்டாம், பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் உண்டு, அட்வான்டேஜ் எடுங்கள் சார்" என்கிறார். இன்னொருவர், "மெடிகேப் ஜி தவிர வேறு எதையும் தொடாதீர்கள்" என்கிறார். அட்வான்டேஜ் என்பது மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்குவது, மெடிகேப் என்பது மெடிகேர் கட்டாததைக் கட்டும் துணைக் காப்பீடு, ஜி, என் எல்லாம் அதன் வகைகள், இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஜிப்கோடுக்கு ஜி மாதம் 172 டாலர், என் 128 டாலர் என்று விலை சொன்னார்கள்.

என் நிலவரம்: சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, இன்சுலின் இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை. மனைவிக்கு 62தான் ஆகிறது. குளிர்காலத்தில் நான்கைந்து மாதம் கோயம்புத்தூரில் இருக்கலாம் என்று திட்டம். எது ஒத்துவரும்? எடுத்து அனுபவித்தவர்கள் சொல்லுங்கள். விற்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் பாட்டி

நான் விற்பவள் இல்லை தம்பி, அனுபவிப்பவள். 65 ஆனதிலிருந்து அட்வான்டேஜ்தான். பார்ட் பி-க்கு அரசாங்கம் பிடிக்கிற தொகையை (2025-ல் 185 டாலர்) தவிர வேறு எதுவும் கட்டுவதில்லை. குடும்ப டாக்டரிடம் போனால் கோபே (ஒவ்வொரு தடவையும் நாம் கட்டும் தொகை) கிடையாது, ஸ்பெஷலிஸ்டுக்கு 35. பல் சுத்தம் செய்துவிடுகிறார்கள். கண்புரை ஆபரேஷன் இரண்டு கண்ணுக்கும் ஆயிற்று, கையிலிருந்து போனது பெரிய தொகை இல்லை. நானும் தாத்தாவும் மெடிகேப் எடுத்திருந்தால் மாதம் 350 டாலருக்குக் குறையாமல் கட்டியிருப்போம். அந்தப் பணம் இன்றைக்கு என் கணக்கில் இருக்கிறது.

அட்வான்டேஜ் என்றாலே எல்லாரும் பூச்சாண்டி காட்டுகிறீர்கள். இந்த நாட்டில் மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். அத்தனை பேரும் ஏமாளிகளா?

சும்மா கேட்கிறேன்

இரண்டையும் சேர்த்து எடுத்தால் என்ன? அட்வான்டேஜில் பல் வைத்தியம், மீதிக்கு மெடிகேப்.

கணக்குப்பிள்ளை

முடியாது. அட்வான்டேஜில் இருக்கும் ஒருவருக்கு, அவர் அதை விட்டு வெளியே வரப்போகிறார் என்றால் தவிர, மெடிகேப் விற்பதே சட்டப்படி தப்பு.

எடிசன்காரன் சாருக்கு: காப்பீட்டு நிறுவனங்களில் விலை போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், ஏஜென்ட் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வெறும் மெடிகேர் மட்டும் வைத்திருந்தால் 2025 கணக்குப்படி ஆஸ்பத்திரியில் சேரும்போது 1,676 டாலர் நீங்கள் கட்டவேண்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை என்று இல்லை, வீட்டுக்கு வந்து 60 நாள் தாண்டி மறுபடி சேர்ந்தால் மறுபடி 1,676. டாக்டர், ஸ்கேன், கீமோ, டயாலிசிஸ் எல்லாம் பார்ட் பி. அதில் முதல் 257 டாலர் உங்களுடையது, அதற்கப்புறம் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் உங்களுடையது. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. இதுதான் ஆபத்து. இரண்டு லட்சம் டாலர் பில் வந்தால் நாற்பதாயிரம் உங்கள் தலையில்.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகேப். 1992-லிருந்து எழுத்து வாரியாக ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள், அதாவது எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஜி என்றால் அதே ஜி-தான் (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றுக்கும் தனி முறை). மெடிகேர் வாங்கும் எந்த டாக்டரும் உங்கள் மெடிகேப்பை ஏற்றுக்கொள்வார், நெட்வொர்க் (கம்பெனி ஒப்பந்தம் போட்ட டாக்டர்கள்) கேள்வி இல்லை. "எங்கள் ஜி உசத்தி" என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். முன்பு எல்லாவற்றையும் அடைத்த எஃப் பிளான் இருந்தது, 2020 முதல் புதிதாக 65 ஆகிறவர்களுக்கு அது கிடையாது. இப்போது உங்கள் முன்னால் இருப்பவை நடைமுறையில் ஜி, என், அப்புறம் டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகை) அதிகமான ஜி, அவ்வளவுதான்.

ஆனால் ஜி-யா என்-னா என்பது சின்னக் கேள்வி. மெடிகேப்பா அட்வான்டேஜா என்பதுதான் பெரிய கேள்வி, ஏனென்றால் அது ஒருவழிப் பாதை. 65 ஆகி பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம், அந்த ஆறு மாதத்தில் எந்தக் கம்பெனியும் உங்கள் சர்க்கரையைப் பற்றிக் கேட்டு மறுக்கவோ விலையை ஏற்றவோ முடியாது. அது முடிந்தால் பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டுத்தான் தருவார்கள், தராமலும் போவார்கள். மெடிகேப்பில் இருந்துகொண்டு எந்த அக்டோபர் 15 – டிசம்பர் 7-லும் அட்வான்டேஜுக்குத் தாவலாம், உங்களை ஒருவரும் தடுக்க மாட்டார்கள். அங்கிருந்து இங்கே திரும்பி வருவதுதான் கஷ்டம். முதல் முறையாக 65-ல் அட்வான்டேஜ் எடுத்தவருக்கு 12 மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பும் உரிமை உண்டு. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் நான்கு மாநிலங்களில் மட்டும் உடம்பைக் கேட்காமல் தரும் ஏற்பாடு எப்போதுமோ வருடத்தில் ஒரு தடவையோ இருக்கிறது. உங்கள் எடிசன் இருக்கும் நியூஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஆட்களில் 70 வயதில் சர்க்கரையோ ஸ்டென்ட்டோ இல்லாத வீடு எத்தனை?

டெக்சாஸ் பாட்டி

சரி, எனக்கு இதய வைத்தியம் எதுவும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இவ்வளவுதான் கட்டுவேன் என்று என் பிளானில் வரம்பு இருக்கிறது, 4,500. நீங்கள் சொல்கிற அந்த நாற்பதாயிரம் எனக்கு வராது.

கணக்குப்பிள்ளை

உண்மை, அதை நான் மறைக்கவில்லை பாட்டி. அட்வான்டேஜுக்கு உச்சவரம்பு கட்டாயம், 2025-ல் நெட்வொர்க்குக்குள் அதிகபட்சம் 9,350 டாலர், உங்களுடையது அதில் பாதிதான், நல்ல பிளான். வெறும் மெடிகேரோடு நிற்பதைவிட அட்வான்டேஜ் ஆயிரம் மடங்கு மேல். மெடிகேப்புக்கு மாதாமாதம் கட்ட முடியாதவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். கட்ட முடிகிறவர் ஜிம்முக்காகவும் பல்லுக்காகவும் அதை எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நைட் டூட்டி

ஆஸ்பத்திரியில் கேஸ் மேனேஜ்மென்ட்டில் வேலை பார்க்கும் நர்ஸ். எந்த ஊர், எந்த பிளான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

78 வயது அம்மா, இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. வீட்டில் படி ஏற முடியாது, அதனால் ரீஹேப் (எழுந்து நடக்கவைக்கும் பயிற்சி) மையத்துக்கு அனுப்பவேண்டும். மெடிகேப் வைத்திருப்பவர் என்றால் என் வேலை, மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தாரா என்று பார்ப்பது, படுக்கை காலியாக இருக்கும் மையத்தைப் பிடிப்பது, ஆம்புலன்ஸுக்குச் சொல்வது. அன்றைக்கே கிளம்பிவிடுவார். அட்வான்டேஜ் என்றால் முதலில் அனுமதி கேட்டு ஃபேக்ஸ் போகும். வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினால் திங்கள் வரை அந்த அம்மா அதே படுக்கையில் காலை ஆட்டாமல் கிடப்பார், மகன் நர்ஸ் ஸ்டேஷனுக்கு வந்து வந்து கேட்டுக்கொண்டிருப்பார். அனுமதி வந்தாலும் நெட்வொர்க்கில் உள்ள மையம் நாற்பது மைல் தள்ளி இருக்கும். அப்புறம் அங்கே போய்ச் சில நாளில், "முன்னேற்றம் போதும், நாளை மறுநாளோடு நிறுத்துகிறோம்" என்று ஒரு காகிதம் வரும்.

அட்வான்டேஜில் இருப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தக் காகிதத்தில் மேல்முறையீட்டு போன் நம்பர் இருக்கும். சேவை நிற்கும் நாளுக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் கூப்பிட்டுவிட்டால், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி அமைப்பு ஒன்று கேஸைப் பார்க்கும். நிறையப் பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். கையெழுத்து என்பது கிடைத்தது என்பதற்குத்தான், ஒப்புக்கொண்டதற்கு இல்லை. 2024 ஜனவரியிலிருந்து அட்வான்டேஜ் கம்பெனிகளும் மெடிகேரின் விதிகளையே பின்பற்றித்தான் அனுமதி தரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது, கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அனுமதி கேட்கும் வேலை ஒழியவில்லை.

மெடிகேர் பக்கம் ரீஹேப் மையத்தில் முதல் 20 நாள் முழுதாகக் கிடைக்கும். 21-லிருந்து 100 வரை நாளுக்கு 209.50 டாலர் (2025 கணக்கு) நீங்கள், அதை ஜி-யும் என்-னும் கட்டிவிடும். 100-க்கு மேல் ஒருவரும் கட்ட மாட்டார்கள். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது, முதியோர் இல்லத்தில் நீண்டநாள் இருப்பது, இதெல்லாம் எந்த எழுத்து பிளானிலும் இல்லை.

சும்மா கேட்கிறேன்

"மூன்று நாள் உள்நோயாளி" என்றால்? படுக்கையில் மூன்று நாள் இருந்தால் போதாதா?

நைட் டூட்டி

போதாது. "அப்சர்வேஷன்" என்று எழுதி வைத்திருந்தால் அதே படுக்கை, அதே கவுன், அதே சாப்பாடு, ஆனால் கணக்கில் உள்நோயாளி இல்லை. மெடிகேர் மூன்று நாள் விதிக்கு அது சேராது. பல அட்வான்டேஜ் பிளான்களில் இந்த மூன்று நாள் விதியே கிடையாது, அது ஒன்று அவர்கள் பக்கம் நல்லது. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, "இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா" என்று கேட்டுவிடுங்கள்.

எடிசன்காரன்

எல்லாருக்கும் நன்றி. பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மெடிகேப் பக்கம்தான் சாய்கிறேன். ஆறு மாதக் கதவு பற்றி அந்த ஜிம் ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, இப்போது ஜி-யா என்-னா? 44 டாலர் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது?

கணக்குப்பிள்ளை

பார்ட் பி-யில் அந்த முதல் 257 டாலரை (2025 கணக்கு) இரண்டிலும் நீங்கள்தான் கட்டவேண்டும். அதற்கு மேல் ஜி-யில் ஒன்றும் இல்லை. என்-னில் டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்குப் போனால் 50 வரை (அங்கிருந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அந்த 50 இல்லை). அப்புறம் "எக்செஸ் சார்ஜ்" என்று ஒன்று: மெடிகேர் தொகையை முழுச் சம்பளமாக ஒப்புக்கொள்ளாத டாக்டர் 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம். ஜி அதைக் கட்டும், என் கட்டாது. பயப்படும் அளவுக்கு இது நடப்பதில்லை, மிகப் பெரும்பாலான டாக்டர்கள் மெடிகேர் தொகையை ஒப்புக்கொண்டவர்கள்தான். பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற சில மாநிலங்களில் அப்படிக் கேட்பதே தடை. உங்கள் டாக்டர்களிடம் "மெடிகேர் அசைன்மென்ட் ஏற்பீர்களா" என்று போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கு: 44 டாலர், 12 மாதம், 528. வருடத்துக்கு 26 தடவை டாக்டரைப் பார்த்தால்தான் ஜி-க்கும் என்-னுக்கும் சமன். சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கண், பாதம், இதயம் என்று கூட்டினாலும் பத்துப் பன்னிரண்டு வரும். அதிலும் நான்கைந்து மாதம் கோயம்புத்தூரில் இருப்பீர்கள்.

இன்னொரு காரணம், இது விலை போடுகிறவர்கள் பேசிக்கொள்வது. அட்வான்டேஜ் பிளான் ஊரை விட்டுப் போய்விட்டது, கம்பெனி காப்பீடு நின்றுவிட்டது என்று வருகிறவர்களுக்கு உடம்பைக் கேட்காமல் தரவேண்டும் என்று சட்டம் சொல்லும் பிளான்களில் ஜி இருக்கிறது, என் பெரும்பாலும் இல்லை. அப்படி வருகிறவர்களில் நோயாளிகள் அதிகம். அவர்கள் ஜி-யில் சேரச் சேர ஜி-யின் விலை வேகமாக ஏறும். 65-ல் 44 டாலராக இருக்கும் வித்தியாசம் 75-ல் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

விலை ஏறும் விதத்தையும் கேளுங்கள். எல்லா வயதுக்கும் ஒரே விலை என்று ஒரு முறை, வாங்கிய வயதுக்கு ஏற்ப ஒரு முறை, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வயதுக்காக ஏற்றுவது ஒரு முறை. மூன்றாவதுதான் பரவலாக விற்கப்படுவது, ஆரம்பத்தில் மலிவாகத் தெரியும். எந்த முறையானாலும் மருத்துவச் செலவு ஏற ஏற எல்லாம் ஏறும். அப்புறம் கம்பெனிகள் செய்யும் ஒரு வேலை: புதுப் பெயரில் ஒரு துணைக் கம்பெனி திறந்து மலிவு விலையில் ஆள் சேர்ப்பார்கள், சில வருடம் கழித்து அதை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பார்கள். பழையதில் ஆரோக்கியமானவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிப் புதியதற்கு மாறிவிடுவார்கள், மாற முடியாத நோயாளிகள் மட்டும் மிச்சம், விலை எகிறும். அதனால் இன்றைக்கு யார் மலிவு என்று மட்டும் பார்க்காமல், கடந்த நான்கைந்து வருடத்தில் எத்தனை சதவீதம் ஏற்றினார்கள் என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

சும்மா கேட்கிறேன்

டிடக்டிபிள் அதிகமான ஜி பற்றி யாரும் பேசவில்லையே?

கணக்குப்பிள்ளை

2025-ல் 2,870 டாலர் வரை உங்கள் கையிலிருந்து, அதற்கப்புறம் சாதாரண ஜி மாதிரி. பல இடங்களில் மாதம் 50 டாலர் பக்கம் கிடைக்கும். கையில் சேமிப்பு இருப்பவர், ஒவ்வொரு பில்லையும் பார்த்து நிதானமாகக் கட்டும் சுபாவம் உள்ளவர் என்றால் அருமையான பிளான். ஏஜென்ட்டுக்கு கமிஷன் குறைவு, அதனால் வாயைத் திறக்க மாட்டார்கள். வாரம் ஒரு டாக்டர் என்று அலைபவருக்குச் சரிவராது.

மாத்திரை டப்பா

பார்மசிஸ்ட் பேசுகிறேன். எல்லாரும் மருந்தை மறந்துவிட்டீர்கள். மெடிகேப்பில் மருந்து கிடையாது, பார்ட் டி தனியாக எடுக்கவேண்டும். மாத்திரையே சாப்பிடாதவர்கூட இருப்பதிலேயே மலிவானதை எடுத்து வையுங்கள். விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம். 2025-ல் அந்த அடிப்படை 36.78 டாலர். இரண்டு வருடம் விட்டால் 24 சதவீதம், மாதம் 8.80 டாலர் பக்கம், அதுவும் ஆயுள் முழுக்க.

2025-லிருந்து நல்ல மாற்றம் ஒன்று: பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு வருடம் முழுவதும் சேர்த்து உங்கள் கையிலிருந்து 2,000 டாலருக்கு மேல் போகாது, 2026-ல் அது 2,100. இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. இதெல்லாம் 2022-ல் வந்த சட்டத்தால். ஆனால் "பட்டியலில் உள்ள" என்பதைக் கவனியுங்கள், பிளானுக்குப் பிளான் பட்டியல் வேறு. என் கவுன்டரில் ஜனவரி முதல் வாரம் தவறாமல் நடப்பது: போன வருடம் 10 டாலருக்குக் கிடைத்த மாத்திரைக்கு 47 என்று திரையில் வரும், வாடிக்கையாளர் என்னை முறைப்பார். செப்டம்பர் முடிவதற்குள் அந்த மாற்றம் எல்லாம் தபாலில் வந்திருக்கும், விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருப்பார். எடிசன்காரன் அண்ணா, மெடிகேர் தளத்தில் உங்கள் மருந்துகளின் பெயர், மில்லிகிராம், கடையின் பெயர் மூன்றையும் போட்டால் வருட மொத்தச் செலவை வரிசைப்படுத்திக் காட்டும். பிரீமியம் மலிவானது மொத்தத்தில் மலிவாக இருக்காது.

கோவை-சிகாகோ

கோயம்புத்தூர் விஷயத்துக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு ஒரு சலுகை இருக்கிறது: முதல் 250 டாலர் நீங்கள், மீதியில் 80 சதவீதம் அவர்கள், ஆயுளுக்கு மொத்தம் 50,000 டாலர். நம்மூர் ஆஸ்பத்திரிக்கு அது பெரிய தொகைதான். ஆனால் பயணம் தொடங்கி முதல் 60 நாளுக்குள் ஆரம்பிக்கும் அவசரத்துக்கு மட்டும். நவம்பரில் போகிறீர்கள், பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தால் ஒரு டாலர் வராது. அவசரம் இல்லாத எதற்கும், முழங்கால் மாற்று போன்றவற்றுக்கு, முதல் நாளிலிருந்தே கிடையாது.

அதோடு முதலில் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம்தான் கேட்கவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, இனம் வாரியாகப் பிரித்த பில், மருந்து ரசீது எல்லாவற்றையும் அங்கேயே சீல் போட்டு வாங்கிவிடுங்கள். அமெரிக்கா திரும்பியபின் பில்லிங் கவுன்டரை வாட்ஸ்அப்பில் பிடிப்பது நடக்காத காரியம், "சார் நாளைக்கு அனுப்புறோம்" என்பார்கள், அந்த நாளை வராது.

நான் செய்திருப்பது இந்தியாவில் தனியாக ஒரு பாலிசி. 2024 ஏப்ரலிலிருந்து வயதைக் காரணம் காட்டி மறுக்கும் 65 வரம்பை நீக்கிவிட்டார்கள், முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி-யும் இல்லை, முன்பு 18 சதவீதம். சர்க்கரை இருப்பதால் இப்போதே தொடங்கினால்தான் அந்த மூன்று வருடம் ஓடும்.

அட்வான்டேஜ்காரர்களுக்கு ஒன்று: பிளானின் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். "ஊரில்தானே இருக்கிறோம், பார்ட் பி எதற்கு" என்று அதை நிறுத்தியவர்களையும் எனக்குத் தெரியும். விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், அதுவும் வாழ்நாள் முழுக்க. திரும்பச் சேர ஜனவரி – மார்ச் வரை காத்திருக்கவும் வேண்டும்.

அம்மாவுக்காக

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அப்பா அம்மா கிரீன் கார்டில் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது, இருவரும் 65-ஐத் தாண்டியவர்கள், இங்கே வேலை செய்ததில்லை. அவர்களுக்கு மெடிகேப் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை

தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த கிரீன் கார்டுக்காரர் 65-க்கு மேல் மெடிகேரை விலைக்கு வாங்கலாம் அம்மா. 40 காலாண்டு, அதாவது பத்து வருட வேலை இல்லாததால் பார்ட் ஏ இலவசம் இல்லை, 2025-ல் ஒருவருக்கு மாதம் 518 டாலர். நீங்கள் வேலை செய்த காலாண்டுகள் அவர்களுக்கு உதவாது. அதற்கு மேல் பார்ட் பி 185. பார்ட் பி மட்டும் தனியாக எடுக்கலாம், ஆனால் மெடிகேப்புக்கும் சரி அட்வான்டேஜுக்கும் சரி, ஏ-யும் பி-யும் இரண்டும் வேண்டும். இருவருக்கும் கூட்டிப் பாருங்கள், மெடிகேப்புக்கு முன்னாலேயே மாதம் 1,400-ஐத் தாண்டுகிறது. மாநிலத்தின் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) உதவி அவர்கள் வருமானத்துக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்று இலவச ஆலோசனை மையம் இருக்கிறது, அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. எல்லாக் காகிதங்களோடும் அங்கே போய் உட்காருங்கள்.

டெக்சாஸ் பாட்டி

இத்தனை பேர் சேர்ந்து என்னை உதைக்கிறீர்கள், இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நைட் டூட்டி சொன்ன காகித விஷயத்தைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். என் பிளானை நான் மாற்றப்போவதில்லை, மாற்றவும் முடியாது போலிருக்கிறது. அந்த நண்பகல் விதியை மட்டும் ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டிவிட்டேன்.

எடிசன்காரன்

பிளான் என் எடுக்கிறேன், என்னுடைய டாக்டர்கள் மூன்று பேரும் அசைன்மென்ட் ஏற்பதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு கேள்வி. போன வருடம் கொஞ்சம் பங்கு விற்றேன், வருமானம் கூடிப்போயிற்று, அதனால் பார்ட் பி விலை ஏறும் என்கிறார்களே? அப்புறம் மனைவிக்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

ஏறும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்ப்பார்கள். 2025-ல் தனி ஆளுக்கு 106,000, கணவன் மனைவி சேர்ந்து 212,000 தாண்டினால் கூடுதல். ஓய்வு பெற்றதால் வருமானம் குறைந்துவிட்டது என்றால் எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம், வேலை நின்றதை அவர்கள் காரணமாக ஏற்பார்கள். பங்கு விற்றதை மட்டும் சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

மனைவிக்குப் பதில் சொல்வதற்கு முன்: ஜூனில் எந்தத் தேதி பிறந்தநாள்? வேலையை எப்போது விடுகிறீர்கள்?

எடிசன்காரன்

பாஸ்போர்ட்டில் ஜூன் 1. அது பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் போட்ட தேதி, நிஜத்தில் ஆடி மாதம் பிறந்தவன். வேலையை ஜூன் 30-ல் விடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

நம் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் 1-ல்தான் பிறந்திருக்கிறோம். அதனால் உங்களுக்கு ஒரு லாபம். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மெடிகேர் ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கும், அதாவது மே 1.

இலவசமான பார்ட் ஏ-யை மட்டும் மே 1-லிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்கள் என்றால் பார்ட் பி-க்கு அவசரம் இல்லை, ஜூனில் விண்ணப்பித்து ஜூலை 1-ல் தொடங்குங்கள். மெடிகேப்புக்கும் அதே ஜூலை 1. ஆறு மாதக் கணக்கு அன்றிலிருந்து டிசம்பர் முடிய. ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம். எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு இருந்தால் பார்ட் ஏ தொடங்கும் மாதத்திலிருந்து அதில் பணம் போடுவதை நிறுத்தவேண்டும்.

பார்ட் ஏ-யை வேலையை விடும் முன் ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால் மனைவிக்காக. வேலை போனால் கோப்ரா (கம்பெனி காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் உரிமை) சாதாரணமாக 18 மாதம்தான். ஆனால் நீங்கள் மெடிகேரில் சேர்ந்த 18 மாதத்துக்குள் வேலையை விட்டால், மனைவிக்கு மட்டும் நீங்கள் மெடிகேரில் சேர்ந்த தேதியிலிருந்து 36 மாதம் வரை கோப்ரா கிடைக்கும். 62 வயதுக்காரர், அடுத்த ஜூனில் 63-ஐ ஒட்டியிருப்பார், அவருடைய 65 வரை ஓட்டிவிடலாம். விலை அதிகம், கம்பெனி கட்டிய பங்கும் சேர்ந்து உங்கள் தலையில் வரும், மேலே 2 சதவீதம். அரசாங்கக் காப்பீட்டுச் சந்தையில் (ஒபாமாகேர்) கிடைக்கும் பிளானோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். அவருக்கு 65 ஆனதும் கோப்ரா இருக்கிறதே என்று பார்ட் பி-யைத் தள்ளிப்போடாதீர்கள், கோப்ராவை வேலை செய்பவரின் காப்பீடாக மெடிகேர் எண்ணாது, அபராதம் விழும்.

கம்பெனி எச்ஆரிடம் இந்த 36 மாத விஷயத்தைக் கேட்டால் முதலில் "இல்லை" என்பார்கள். தொழிலாளர் துறையின் கோப்ரா கையேட்டில் இருக்கிறது, அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

எடிசன்காரன்

எச்ஆருக்கு மெயில் போட்டாயிற்று. மனைவியின் பிறந்தநாள் ஜூன் 5, அதுவும் ஹெட்மாஸ்டர் கைவண்ணம்தான்.